கால்குலேட்டர் கையில் இருந்தாலும் ஸ்டெப் எழுதணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரையில் மாலை நேரத்தில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பெரியபட்டினம், ஏர்வாடி, திருப்புல்லாணி பக்கத்திலிருந்து பாலிடெக்னிக், இன்ஜினியரிங் பிள்ளைகள் வருகிறார்கள். வளைகுடாவில் படித்துவிட்டு ஊர் திரும்பி, கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ (நம்ம பத்தாம் வகுப்பு நிலையில் உள்ள தேர்வு) எழுதப்போகும் பிள்ளைகளும் உண்டு. பாடம் வேறு, வயது வேறு. ஆனால் கால்குலேட்டரைக் கையில் எடுத்ததும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் ஒன்றுதான். அதையே வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பத் தட்டுவதை விட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

1. எந்தெந்தப் பரீட்சைக்கு சார் கால்குலேட்டர் கொண்டு போகலாம்?

நம்ம மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ கணிதத் தாள்களுக்குக் கிடையாது. சிபிஎஸ்இ பொதுத்தேர்வு கணிதத்துக்கும் பொதுவாகக் கிடையாது. ஜேஇஇ-க்கும் இல்லை. பாலிடெக்னிக்கிலும் இன்ஜினியரிங்கிலும் புரோகிராம் செய்ய முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டருக்கு அனுமதி உண்டு. நம் ஊரில் பெரும்பாலும் காசியோ 991எம்எஸ் அல்லது 991இஎஸ் பிளஸ்தான் கையில் இருக்கும். இன்ஜினியரிங் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் கணினித் திரையிலேயே ஒரு கால்குலேட்டர் வரும், நம்முடையதை உள்ளே விடமாட்டார்கள்.

ஐஜிசிஎஸ்இ எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 0580 என்ற எண்ணுள்ள கணிதப் பாடத்திட்டம் 2025-இல் மாறிவிட்டது. 1, 2 ஆகிய தாள்களுக்குக் கால்குலேட்டர் இல்லை, 3, 4 ஆகியவற்றுக்கு உண்டு. அதிலும் சயின்டிஃபிக் மட்டும்தான், வரைபடம் போடும் வகைக்கு அனுமதி இல்லை. அண்ணன் எழுதிய பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு பழகினால் இந்த மாற்றம் தெரியாமலே போய்விடும்.

2. விடைதான் சரியா வருதே, அப்புறம் எதுக்கு ஸ்டெப்பு?

மார்க் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து மார்க் கணக்கில் கடைசி விடைக்கு ஒன்றோ இரண்டோதான் போகும். மீதி, எந்தச் சூத்திரத்தை எடுத்தீர்கள், எந்த எண்ணை எங்கே போட்டீர்கள் என்பதற்கு. கேம்பிரிட்ஜ் விடைக்குறிப்பில் வழிமுறைக்குத் தனி மார்க், துல்லியத்துக்குத் தனி மார்க் என்று பிரித்தே போட்டிருப்பார்கள். நம் பாலிடெக்னிக்கில் அதற்குப் பெயர் ஸ்டெப் மார்க்.

பெருக்குவதும் வகுப்பதும்தான் கால்குலேட்டரின் வேலை. சைன் போடுவதா டேன் போடுவதா என்று முடிவெடுப்பது நீங்கள். அந்த முடிவு தாளில் இருந்தால்தான் திருத்துகிறவர் மார்க் போட முடியும். விரல் தவறி 19-க்குப் பதில் 91 அழுத்திவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப் இருந்தால் ஒரு மார்க் போகும். இல்லாவிட்டால் அந்தக் கணக்கே பூஜ்ஜியம்.

3. சரி, எவ்வளவுதான் எழுதணும்? எல்லாப் பெருக்கலையும் எழுதினா நேரம் பத்தாதே.

எல்லாப் பெருக்கலும் வேண்டாம். ஒரு மாதிரிக் கணக்கு: கலங்கரை விளக்கத்தின் அடியிலிருந்து 140 மீட்டர் தள்ளி நிற்கும் படகிலிருந்து அதன் உச்சியைப் பார்த்தால் ஏற்றக்கோணம் 19°. உயரம் என்ன? (பார்க்கிறவர் கண் உயரத்தை விட்டுவிடலாம்.) தாளில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

டேன் 19° = உயரம் ÷ 140
உயரம் = 140 × டேன் 19°
= 48.2058...
= 48.2 மீ

முதல் வரி, என்ன உறவு என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, கால்குலேட்டருக்குள் போகப்போகும் கோவை. மூன்றாவது, திரையில் தெரிந்தது. அந்த மூன்று புள்ளிகளை விடாமல் போடுங்கள், எண் இன்னும் நீள்கிறது என்று அர்த்தம். நான்காவது, சுருக்கிய விடையும் அலகும். டேன் 19° என்பது 0.3443 என்று தனியாக ஒரு வரி எழுதலாம், எழுதாவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் 140-ஐ 0.3443-ஆல் பெருக்கியதை நீட்டிப் போடுவது வெட்டி வேலை. அதற்குத்தானே மெஷினைக் கொடுத்திருக்கிறார்கள்?

என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: பட்டனைத் தொடும் முன் இரண்டாவது வரி தாளில் இருக்க வேண்டும். விடை வந்தபிறகு அதற்கு ஸ்டெப் தைக்கப் பார்த்தால் எங்காவது இடிக்கும்.

4. 'டேன், 19, பெருக்கல், 140, ஈக்வல்' அப்படின்னு அழுத்தின பட்டனை வரிசையா எழுதினா ஒத்துக்குவாங்களா?

மாட்டார்கள். அது கணக்கு இல்லை, மெஷினை இயக்கிய விவரம். 140 × டேன் 19° என்று எழுதினால் அதே விஷயம் கணித மொழியில் வந்துவிடுகிறது, எழுத்தும் குறைவு.

5. பை-க்கு 22/7 போடவா, பட்டனை அழுத்தவா?

கேள்வியில் சொல்லியிருந்தால் அதைப் போடுங்கள். பத்தாம் வகுப்பில் 22/7 போட்டுத்தான் பழகியிருப்போம். டிப்ளமோவுக்கு வந்ததும் பட்டன் இருப்பதைப் பார்த்து மாறுகிறோம். ஐஜிசிஎஸ்இ-யில் பட்டன் அல்லது 3.142, 22/7 வேண்டாம். 14 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 22/7-க்கு சரியாக 616, பட்டனுக்கு 615.75. மூன்று முக்கிய இலக்கத்துக்கு (பூஜ்ஜியமல்லாத முதல் இலக்கத்திலிருந்து எண்ணி மூன்று) சுருக்கினால் இரண்டும் 616-தான். ஒரே கணக்குக்குள் பாதி 22/7, பாதி பட்டன் என்று மட்டும் கலக்காதீர்கள்.

6. எத்தனை தசமம் எழுதணும்? ஒவ்வொரு ஸ்டெப்புலயும் சுருக்கலாமா?

கடைசியில் மட்டும் சுருக்குங்கள். ஐஜிசிஎஸ்இ-யில் வேறு சொல்லாவிட்டால் விடை மூன்று முக்கிய இலக்கம், டிகிரியில் கோணம் என்றால் ஒரு தசமம். பாலிடெக்னிக், இன்ஜினியரிங்கில் கேள்வியே சொல்லிவிடும், சொல்லாவிட்டால் நான்கு தசமம் பாதுகாப்பானது.

நடுவில் சுருக்கினால் என்ன ஆகும்? 2,40,000 ரூபாய், ஆண்டுக்கு 9.5 சதவீதக் கூட்டுவட்டி, மாதந்தோறும் சேர்கிறது, 3 ஆண்டுக்குப் பிறகு எவ்வளவு? மாத வட்டிவீதம் 0.095 ÷ 12 = 0.0079166... இதை அப்படியே வைத்து 36 மாதத்துக்குப் போட்டால் 3,18,785 ரூபாய். 'கிட்டத்தட்ட 0.008 தானே' என்று சுருக்கிவிட்டுப் போட்டால் 3,19,735. சுமார் 950 ரூபாய் வித்தியாசம். வழிமுறைக்கு மார்க் கிடைக்கும், விடைக்குக் கிடைக்காது.

இதற்கு எளிய வழி ஆன்ஸ் பட்டன். முதல் விடை வந்ததும் அதைத் திரும்ப அடிக்காமல் ஆன்ஸ் அழுத்தித் தொடருங்கள், முழு எண்ணும் உள்ளேயே இருக்கும். தாளில் 0.007917 என்று எழுதுங்கள், மெஷினில் முழுசாக ஓடட்டும். தாளில் இருப்பதையும் மெஷினில் இருப்பதையும் ஒன்றாக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. இதைச் சொன்னால் பலபேர் ஏதோ தப்பு செய்யச் சொல்கிற மாதிரி என்னைப் பார்க்கிறார்கள்.

7. காக்கா (எங்கள் ஊரில் அண்ணன்), நானும் அதே கணக்கைத்தான் போட்டேன், எனக்கு 21.2 வருது. கால்குலேட்டர் ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை தம்பி, டிகிரிக்குப் பதில் ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருக்கிறது. 3-ஆம் கேள்வியின் கணக்கை டிகிரியில் போட்டால் 48.2. ரேடியனில் 21.2. கிரேடியன் என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதில் 43.1. மூன்றுமே ஒரு கலங்கரை விளக்கத்துக்குப் பொருந்துகிற உயரம்தான் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. மைனஸில் வந்தால் உடனே விழித்துக்கொள்வோம். 43.1 வந்தால் அலகு போட்டு, அடிக்கோடு போட்டு, அடுத்த பக்கம் போய்விடுவோம்.

திரையின் மேலே சின்னதாக ஓர் எழுத்து தெரியும், அது டிகிரியா ரேடியனா கிரேடியனா என்று காட்டும். 991இஎஸ் பிளஸில் ஷிஃப்ட், மோட், 3 அழுத்தினால் டிகிரி, 4 ரேடியன். எம்எஸ்ஸில் மோட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் அந்த வரிசை வரும். ஹாலில் உட்கார்ந்ததும் சைன் 30 போட்டுப் பாருங்கள், 0.5 வந்தால் டிகிரி. நுண்கணிதத்தில் சைன், காஸ் வந்தால் ரேடியனுக்கு மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு, அடுத்த கணக்குக்குத் திரும்ப டிகிரிக்கு வருவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

ஸ்டெப் எழுதியிருந்தால் இங்கேயும் பிழைப்பீர்கள். 140 × டேன் 19° என்ற வரி சரி, எண்தான் தப்பு. வெறும் 21.2 என்று எழுதியிருந்தால் எங்கிருந்து வந்தது என்று திருத்துகிறவர் கண்டுபிடிக்கவே முடியாது.

8. கடையில கணக்குப் போடுற மெஷின் வீட்டுல சும்மா கிடக்கு, போனும் இருக்கு. பிள்ளைக்குப் புதுசு வாங்கணுமா?

ஒரு தகப்பனார் கேட்டது. வாங்கித்தான் ஆக வேண்டும். ஏலக்கடையில் வைத்திருக்கிற சாதாரண மெஷினில் 2 + 3 × 4 அழுத்திப் பாருங்கள், 20 வரும். சயின்டிஃபிக்கில் 14 வரும், அதுதான் சரி. கடை மெஷின் அழுத்திய வரிசையிலேயே கூட்டிக்கொண்டு போகும், மீன் கணக்குக்கு அது போதும். போனை ஹாலுக்குள் விடமாட்டார்கள். அதில் பழகிய விரலுக்குப் பரீட்சை அன்று பட்டன் இடம் தெரியாது. பரீட்சைக்கு முதல் வாரம் வாங்கித் தராதீர்கள், செமஸ்டர் தொடங்கும்போதே வாங்குங்கள்.

9. ஈக்வேஷன் மோடுல இருபடிச் சமன்பாட்டுக்கு விடை டக்குன்னு வந்துடுது. அதையே எழுதலாமா?

2எக்ஸ்² − 7எக்ஸ் + 3 = 0 என்பதை உள்ளே போட்டால் 3, 0.5 என்று காட்டும். அந்த இரண்டை மட்டும் எழுதினால், 'வழிமுறையைக் காட்டுக' என்று கேட்ட கேள்வியில் ஒன்றும் கிடைக்காது. கேட்காத கேள்வியிலும் ஒரு மூலம் தப்பினால் முழுசும் போச்சு.

சூத்திரத்தில் எண்களைப் போட்ட வரியை எழுதுங்கள். வர்க்கமூலத்துக்குள் 49 − 24 = 25 என்று காட்டுங்கள். பிறகு (7 + 5) ÷ 4, (7 − 5) ÷ 4 என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி முடியுங்கள். ஈக்வேஷன் மோடு சரிபார்க்க அருமையான ஆயுதம், அதைக் கடைசியில் எடுங்கள்.

10. மூலம் தெரிஞ்சுடுச்சுன்னா அதுலருந்து காரணியைப் பின்னாடியே எழுதிடலாமே?

இதைக் கேட்டவன் கெட்டிக்காரன். காரணிகளைப் பெருக்கினால் பழைய சமன்பாடு திரும்ப வருமானால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் 3, 0.5 என்று பார்த்ததும் கை தானாக (எக்ஸ் − 3)(எக்ஸ் − 0.5) என்று எழுதும். பெருக்கிப் பாருங்கள், முதலில் 2எக்ஸ்² வராது, வெறும் எக்ஸ்²-தான் வரும். சரியானது (எக்ஸ் − 3)(2எக்ஸ் − 1). அந்த 2 எங்கே போனது என்று திருத்துகிறவர் பார்த்த உடனே, மெஷினிலிருந்து எடுத்தது என்று தெரிந்துவிடும்.

11. நியூட்டன்-ராப்சன்ல ஒவ்வொரு சுற்றையும் எழுதணுமா? ஆன்ஸ் பட்டன்ல நாலு தடவை ஈக்வல் அழுத்தினா விடை வந்துடுதே.

அழுத்துங்கள், ஆனால் ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். இது சமன்பாட்டின் மூலத்தைச் சுற்றுச் சுற்றாக நெருங்கிப் பிடிக்கும் தோராய முறை. சுற்றுகள் எப்படி நெருங்குகின்றன என்பதைக் காட்டுவதே கேள்வி. எக்ஸ்³ − 2எக்ஸ் − 5 = 0, தொடக்கம் 2 என்று எடுத்தால்:

முதல் சுற்று: 2 − (−1 ÷ 10) = 2.1
இரண்டாவது: 2.1 − (0.061 ÷ 11.23) = 2.0946
மூன்றாவது: 2.0946

முதலில் சூத்திரத்தையும் வகைக்கெழு 3எக்ஸ்² − 2 என்பதையும் எழுதிவிட வேண்டும். முதல் இரண்டு சுற்றுக்கு எண்களைப் போட்டுக் காட்டுங்கள், அதற்குப் பிறகு விடை மட்டும் போதும். அடுத்தடுத்த இரண்டு மதிப்பு நான்கு தசமம் வரை ஒன்றாக வந்துவிட்டது, ஆகவே மூலம் 2.0946 என்று ஒரு வரி எழுதி நிறுத்துங்கள். ஏன் நிறுத்தினோம் என்ற அந்த வரியை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். வளைகோட்டின் கீழுள்ள பரப்பைத் தோராயமாகக் காணும் சிம்ப்சன் விதிக்கும் இதே கதை: மதிப்புகளின் அட்டவணை தாளில் இருக்க வேண்டும், கூட்டலை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

12. இன்டெக்ரேஷன் பட்டன்?

சரிபார்க்க மட்டும். 0 முதல் 2 வரை 3எக்ஸ்² + 2எக்ஸ் என்றால், எக்ஸ்³ + எக்ஸ்² என்ற வரியும், 8 + 4 = 12 என்ற வரியும் வேண்டும். பட்டனும் 12 என்றால் நிம்மதியாக அடுத்ததுக்குப் போங்கள்.

13. திட்டவிலக்கம் போட்டா மெஷின் ரெண்டு விடை காட்டுது, எது சரி?

இரண்டும் சரி, கேள்வியைப் பொறுத்தது. ஐந்து வள்ளங்களில் வந்த நண்டு, கிலோ கணக்கில் 12, 15, 11, 18, 14 என்று வையுங்கள். சராசரி 14. விலக்கங்களின் வர்க்கக் கூடுதல் 30. அதை 5-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 2.449. 4-ஆல் வகுத்தால் 2.739. இந்த ஐந்து வள்ளங்களைப் பற்றி மட்டும் பேசினால் முதலாவது. இவற்றை மாதிரியாக வைத்துக் கரையில் உள்ள எல்லா வள்ளங்களையும் மதிப்பிடுவதானால் இரண்டாவது. எம்எஸ்ஸில் சிக்மாவோடு ஒட்டி எண்ணிக்கையும், எண்ணிக்கை மைனஸ் ஒன்றும் என்று தெளிவாகக் காட்டும். இஎஸ் பிளஸில் சிக்மா போட்டது முதலாவது, ஆங்கில எஸ் எழுத்து போட்டது இரண்டாவது.

தாளில் 30 ÷ 5 என்ற வரி இருந்தால் எதை எடுத்தீர்கள் என்று தெரியும். 2.449 மட்டும் இருந்தால் தெரியாது.

14. முதல் பகுதி தப்பாப் போட்டுட்டேன்னு வைங்க, அந்த விடையை வச்சுப் போட்ட ரெண்டாவது பகுதியும் போச்சா?

போகவேண்டியதில்லை. முதல் பகுதியில் வந்த தப்பான எண்ணை இரண்டாவதில் எங்கே போட்டீர்கள் என்று தெரிந்தால் வழிமுறைக்கு மார்க் உண்டு. சில இடங்களில் உங்கள் எண்ணுக்கு ஏற்ற விடைக்கே மார்க் கொடுக்கச் சொல்லி விடைக்குறிப்பு இருக்கும். ஆன்ஸ் பட்டனை அழுத்திவிட்டு நேராக விடைக்குப் போனால் இந்த வாய்ப்பு போய்விடும். 6-இல் சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள்: மெஷினில் ஆன்ஸ், தாளில் எண்.

15. கையால போட்டா ஒண்ணு, மெஷின்ல போட்டா வேற ஒண்ணு. எதை நம்புறது?

முதலில் அடைப்புக்குறியைப் பாருங்கள். 9-ஆம் கேள்வியின் சமன்பாட்டில் −7-இன் வர்க்கத்தை அடைப்பு இல்லாமல் −7² என்று அழுத்தினால் −49 வரும். மெஷின் 7-ஐ வர்க்கமாக்கிவிட்டுப் பிறகு மைனஸ் போடுகிறது, அதன் விதி அது. −49 − 24 = −73, மெய்மூலங்கள் இல்லை என்று எழுதிவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். (−7)² என்று போட்டால் 49. அதே மாதிரி 12-ஐ 3 × 2-ஆல் வகுக்க 12 ÷ 3 × 2 என்று அடித்தால் 8 வரும், கீழே இருக்கிறதை அடைப்புக்குள் போட்டால்தான் 2.

இரண்டாவது, 7-இல் சொன்ன டிகிரி, ரேடியன். அதுவும் சரி என்றால் தப்பு கையில்தான். நேரம் இல்லாவிட்டால் கைவழியை அப்படியே விட்டுவிடுங்கள். விடையை மட்டும் மெஷின் சொன்னதாக மாற்றி எழுதினால் ஸ்டெப்புக்கும் விடைக்கும் தொடர்பே இருக்காது, சந்தேகம்தான் வரும்.

16. பரீட்சை நடுவுல மெஷின் செத்துட்டா என்ன பண்றது?

கோவையை எழுதி அப்படியே விடுங்கள். 140 × டேன் 19° என்பது வரைக்கும் மார்க் உண்டு. பக்கத்துப் பையனிடம் வாங்கக் கூடாது, கண்காணிப்பாளரிடம் கேளுங்கள்.

நம் கடற்காற்றுக்கு பேட்டரி முனையில் பச்சை படிந்துவிடும். சூரியத்தகடு இருக்கிறதே என்று நம்பி, உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரியை வருஷக்கணக்காகப் பார்க்காமல் விடுகிறோம், வெளிச்சம் குறைந்த மூலையில் உட்கார வைத்தால் திரை மங்கும். பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே திறந்து பார்த்து மாற்றிவிடுங்கள். மூடியின் உட்புறம் பென்சிலில் எழுதிய சூத்திரம் இருந்தால் அதையும் அழித்துவிடுங்கள், விளையாட்டுக்கு எழுதியது என்று ஹாலில் சொல்ல முடியாது.

17. வீட்டுல எல்லாம் சரியாப் போடுறான், பரீட்சையில மார்க் வரல. மெஷின் வாங்கிக் கொடுத்ததாலயா தம்பி?

ஒரு உம்மா கேட்டது. மெஷின் மேல் பழி போடவேண்டாம். வீட்டில் அவன் போடுகிற நோட்டை எடுத்துப் பாருங்கள், கணக்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கேள்விக்கு ஒரே ஒரு எண் மட்டும் இருந்தால் காரணம் அதுதான். நான்கைந்து வரி இருந்தால் பிரச்சினை வேறு, அப்போது என்னிடம் அனுப்புங்கள்.

18. 'உயரம் 48.2 மீ எனக் காட்டுக'ன்னு விடையையே கொடுத்துட்டாங்க. நான் 48.2ன்னு எழுதினா ஏன் மார்க் இல்ல?

விடை தெரிந்ததுதான், அதனால் அதை எழுதியதற்கு மார்க் இல்லை. இங்கே மார்க் முழுக்க 48.2-க்கு முந்தைய வரிகளில் இருக்கிறது. முக்கியமாக, 48.2058... என்ற வரி கட்டாயம் வேண்டும். மெஷினில் உண்மையிலேயே போட்டுப் பார்த்தீர்கள், விடையைப் பார்த்துக் காப்பி அடிக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. கேட்ட துல்லியத்தை விட ஒரு இலக்கமாவது கூடுதலாக இருக்க வேண்டும்.

48.2-ஐ 140-ஆல் வகுத்து, தலைகீழ் டேன் எடுத்து, 19° வருகிறது என்று பின்னாலிருந்து வருவதும் செல்லாது. கொடுத்த விடையையே ஆதாரமாக எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும். அடுத்த பகுதிக்கு அந்த உயரம் தேவைப்பட்டால், உங்களுக்கு 21.2 வந்திருந்தாலும் கவலைப்படாமல் கொடுத்திருக்கும் 48.2-ஐ எடுத்துத் தொடருங்கள்.